சூசையின் களஞ்சியம்



எகிப்தில் சூசை செழிப்பான ஏழு வருஷமும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைத்தார். பஞ்சத்தில் அயல்தேசத்தாரும் பிழைத்தார்கள் (ஆதியாகமம் 41).

நம் ஒடுகத்தூருக்குக் கேழ்வரகும் கிணறும் ஆட்டுச்சந்தையும் சர்வேசுரன் தந்த கொடை. ஆனாலும் 2020 மார்ச் ஊரடங்கில் ஆம்பூர் ஷூ கம்பெனிக் கூலியை நம்பிய வீடுகள் திகைத்து நின்றன. 2021 நவம்பர் மழையில் பாலாறு பெருகியது. பேரணாம்பட்டில் வீடு இடிந்து 9 பேர் மரித்தார்கள்.

ஆகையால் உங்களையே கேளுங்கள்:

1. ஒரு மாதத்துக்குத் தானியம் உண்டா?
2. மின்சாரம் நின்றால், கயிறும் வாளியும் உள்ள கிணறு எது?
3. சுவர் நனைந்த வீட்டில் தனித்திருக்கும் பாட்டியை அழைத்துவருவது யார்?

மூன்றாவதற்கு, இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் தெருவாரோடு பேசி, ஒருவரை நியமியுங்கள். தனக்கென்றே களஞ்சியம் கட்ட நினைத்த தனவான் அன்றிரவே மாண்டான் (லூக்காஸ் 12). சூசையோ பலரைக் காத்தார்.