எழுந்தால் கண் இருட்டுகிறதா? மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள்

விடியற்காலை நான்கு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்த அப்பா, குளியலறை வாசலில் சரிந்து கிடந்தார். “வயசாயிடுச்சுல்ல” என்றார்கள் பார்க்க வந்தவர்கள். அவருடைய மஞ்சள் பையைக் கட்டிலில் கொட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. இரண்டு டாக்டர்கள் எழுதிக்கொடுத்த இரண்டு அட்டைகள்; கம்பெனிப் பெயர் வேறு, உள்ளிருந்த மருந்து ஒன்றே: பிரஷருக்கான டெல்மிசார்ட்டன். இரண்டையும் தவறாமல் விழுங்கியிருக்கிறார். வயதின் மேல் பழி போடும் முன் இவற்றைச் செய்யுங்கள்.

1. பட்டியல் எழுதுங்கள். மாத்திரை, கண் சொட்டு மருந்து, சித்த மருந்து, கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரை என எதையும் விடாதீர்கள். அட்டையில் உள்ள மூல மருந்தின் பெயர், அளவு, சாப்பிடும் நேரம் மூன்றையும் குறியுங்கள்.

2. பட்டியலில் மயக்கம் தரக்கூடிய இவற்றை வட்டமிடுங்கள். பிரஷர் மாத்திரைகள், நீர் பிரிய வைக்கும் ஃபுரோசமைடு, புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின், நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைப்பவை, தூக்க மாத்திரைகள், நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலின். நாடித்துடிப்பைக் குறைக்கும் மெட்டோபிரோலால், சர்க்கரையைத் தாழ்த்தும் கிளிமிப்பிரைடு ஆகியவற்றாலும் மயக்கம் வரலாம்.

3. நிற்கவைத்தும் பிரஷர் பாருங்கள். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை பாருங்கள். பிறகு எழுந்து நின்ற 1ஆவது, 3ஆவது நிமிடங்களில் பாருங்கள். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். தலை சுற்றினால் அந்த நொடியே உட்காரவையுங்கள்.

4. நீங்களாக நிறுத்தாதீர்கள். மெட்டோபிரோலாலைத் திடீரென விட்டால் நெஞ்சுவலி வரலாம். நாள்படச் சாப்பிட்ட தூக்க மாத்திரை அல்பிரசோலத்தைத் திடீரென விட்டால் வலிப்பே வரலாம். பட்டியலை நீட்டி, “இதில் எது இன்னும் தேவை? எதைக் குறைக்கலாம்?” என்று கேளுங்கள். வாந்தி பேதி, கடும் வெயில், விரதம் உள்ள நாட்களில் எந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

5. எழும் முறையை மாற்றுங்கள். விழித்ததும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைத் தொங்கவிட்டு, பாதங்களை மேலும் கீழும் அசைக்க வேண்டும். இரண்டு நிமிடம் கழித்து, எதையாவது பிடித்தபடி எழ வேண்டும். இரவில் ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிப்பது நல்லது. வழியில் விளக்கு எரியட்டும்.

6. மயங்கி விழுந்தால் மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சர்க்கரை நோயாளி என்றால் சர்க்கரை அளவைப் பாருங்கள். நினைவு உடனே திரும்பாவிட்டாலோ, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல் இருந்தாலோ 108-ஐ அழையுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவருக்குத் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

அப்பாவின் பட்டியலைப் பார்த்த டாக்டர் ஓர் அட்டையை அடித்துவிட்டார். அந்தத் தாள் இப்போது நான்காக மடிந்து அவர் சட்டைப்பையிலேயே இருக்கிறது. புது மாத்திரை எழுதும் யாரிடமும் முதலில் அதைத்தான் எடுத்து நீட்டுகிறார்.