தரமும் தொகையும்

ஒரு நாட்டின் வான்படைக்குச் சிறந்த விமானங்கள் வேண்டுமா, மிகுந்த விமானங்கள் வேண்டுமா என்னும் வினா எளிதில் விடை காணத்தக்கதன்று. தரம் உயர உயர விலையும் உயரும். விலை உயரத் தொகை குறையும். தொகை ஒன்றையே பெருக்கினாலோ தரம் தாழ்ந்து, விமானிகளின் உயிருக்கு இடர் நேரும். ஆதலின், இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்த்தல் இன்றியமையாதது.

இரண்டாம் உலகப் போரில், 1944ஆம் ஆண்டில், ஜெர்மானியர் மெசர்ஸ்மிட் 262 என்னும் ஜெட் விமானத்தைக் களத்தில் இறக்கினர். அது மணிக்கு ஏறத்தாழ 870 கிலோமீட்டர் விரைந்து பறந்தது. அமெரிக்கரின் மஸ்டாங் விமானமோ மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டரே செல்லவல்லது. ஒன்றோடொன்று தனித்துப் பொருதால் ஜெட் விமானத்தின் கையே ஓங்கும். ஆயின், போர் அவ்வாறு நிகழவில்லை. ஜெர்மானியர் செய்து முடித்த ஜெட் விமானங்கள் ஏறத்தாழ 1,400. அவற்றுள்ளும் களம் புகுந்தவை சிலவே. வெம்மை தாங்கும் அரிய உலோகங்கள் போதிய அளவு கிட்டாமையால், அவற்றின் பொறிகள் 25 மணி நேரம் உழைப்பதே அரிதாயிற்று. எரிபொருளும் அருகிற்று, பயிற்சி நிரம்பிய விமானிகளும் குறைந்தனர். மஸ்டாங் விமானங்களோ 15,000-க்கு மேல் செய்யப்பெற்றன. அமெரிக்க விமானிகள் பகைவரின் விமானத் தளங்களைச் சூழ்ந்து பறந்து, ஜெட் விமானங்கள் மெல்ல எழும்போதும் இறங்கும்போதும் தாக்கி வீழ்த்தினர். விரைவு பயன்படாத வேளை நோக்கிக் காத்திருப்பதற்கு, அவர்தம் தொகை துணைநின்றது.

இதுகொண்டு, தொகையே வெற்றி தரும் என்று துணிதலும் பிழையாம். 1941ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் ஜெர்மானியர் தாக்கியபோது, தொகையால் மிக்க வான்படை உடைய சோவியத் நாடு ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்களை இழந்தது. அவற்றுட் பல பழைய அமைப்பின. பெரும்பாலானவை தரையில் நின்றவாறே அழிந்தன. எச்சரிக்கையும் பயிற்சியும் இல்லாவழித் தொகை காவலாகாது என்பது இதனால் விளங்கும்.

பிற்காலத்தில் அமெரிக்கர் இதற்கு ஒரு நடுநெறி கண்டனர். 1970-களில், இரண்டு பொறிகளை உடைய விலைமிக்க எப்-15 விமானத்தை அளவோடு செய்து, ஒரு பொறியே உடைய, விலை குறைந்த எப்-16 விமானத்தை மிகுதியாகச் செய்து படையிற் சேர்க்க முற்பட்டனர். தொடக்கத்தில் இரண்டிற்கும் ஒரே வகைப் பொறியே பயன்பட்டது. அரிய பணிக்கு அரியதும், அன்றாடப் பணிக்கு எளியதும் என வகுத்துக்கொண்ட இம்முறை போற்றத்தக்கது.

வான்படையின் வலிமையை அளப்போர் விமானங்களை மட்டும் எண்ணுதல் போதாது. நாளை விடியலில் அவற்றுள் எத்தனை பறக்க இயலும், அவற்றைச் செலுத்தத் தேர்ந்த விமானிகள் எத்துணையர் என்பவற்றையும் எண்ணுதல் வேண்டும். அங்ஙனம் எண்ணாது செலவிடும் பொருள் வீணாவதோடு, இளைஞர் பலருடைய உயிரும் வீணாகும் அன்றோ?