கைத்திறனை அளப்பது எங்ஙனம்?

நூலை நிறுத்து வாங்குகிறோம். துணியை அளந்து விற்கிறோம். தொழிலாளியின் கைத்திறனை மட்டும் பெரும்பாலும் வாய்ச்சொல்லைக் கொண்டே மதிப்பிடுகிறோம். இதனால் விளையும் தீங்கை நெசவுத் தொழிலைக் கொண்டு ஆராய்வோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தில் கூலித் தரம் பிரிக்கப் பரீட்சை ஒன்று நடந்தது. பரீட்சித்த மூவருள் நானும் ஒருவன். தறியின் உறுப்புகளைப் பற்றியும் நூல் நம்பரைப் பற்றியும் கேள்விகள் கேட்டோம். பயிற்சிப் பள்ளியில் படித்த இளைஞர் ஒருவர் தடையின்றி விடையளித்து முதல் தரம் பெற்றார். முப்பது ஆண்டுகளாய் நெய்துவந்த அம்மையார் ஒருவர் விடை கூறத் தடுமாறவே, அவரை இரண்டாந் தரத்தில் வைத்தோம். அடுத்த இரு மாதங்களில் இளைஞர் நெய்த சேலைகளிற் பாதி குறையுள்ளவை என்று திரும்பி வந்தன. அம்மையார் சேலை ஒன்றேனும் திரும்பவில்லை. எனினும் அவருக்குக் கிடைத்தது குறைந்த கூலியே. கைத்திறனை அறியப் புகுந்த நாங்கள் வாய்த்திறனை அளந்துவிட்டோம்.

தொழிலறிவை அளக்கத் தொழிலைச் செய்வித்தல் வேண்டும். எல்லோருக்கும் ஒரே நம்பர் நூலும், ஒரே அச்சும், ஒத்த தறியும் கொடுக்க வேண்டும். கவனிக்கப்படும் அம்சங்களையும் முன்னரே அறிவிக்க வேண்டும். அவையாவன:

1. அங்குலத்திற்கு ஊடை இழை எத்தனை?
2. அறுந்த பாவு இழைகள் உடனே பிணைக்கப்பட்டனவா?
3. துணியின் ஓரம் நேராக உள்ளதா?
4. கழிவு நூலின் எடை என்ன?
5. சென்ற நேரம் எவ்வளவு?

ஊடையை ஓரிடத்தில் மட்டும் எண்ணுதல் போதாது. அங்குலத்திற்கு 60 இழை வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். ஒருவர் துணியில் மூன்று இடங்களில் எண்ணியபோது 60, 52, 68 என்று காண்கிறது. சராசரி சரியாக 60. ஆயினும் துணி ஓரிடத்தில் தளர்ந்தும் ஓரிடத்தில் நெருங்கியும் இருக்கும். மற்றொருவர் துணியில் 59, 58, 59. சராசரி 60-க்குக் குறைவுதான். ஆனால் கை நிலைத்திருக்கிறது. இவர் சற்று நெருக்கி அடித்தாற் போதும். முன்னவரோ ஒரே விசையில் அடிக்கும் பழக்கத்தையே இனிக் கற்க வேண்டும். இவ்வாறு, நல்ல பரீட்சை தரத்தைக் கூறுவதோடு, அடுத்துக் கற்பிக்க வேண்டுவதையும் காட்டும்.

இருவர் தனித்தனியே மதிப்பிட்டுப் பின்னர் ஒப்பிடுதல் நன்று. இருவர் கணக்கும் மிக வேறுபடின், குறை அளவிலேயே உள்ளது என்று அறிக.

இந்திய அரசாங்கம் 2013-ல் அறிவித்த தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பும், எத்தனை ஆண்டு பயின்றார் என்பதைக் கொள்ளாது, என்ன அறிவார், என்ன செய்ய வல்லார் என்பதைக் கொண்டே தரம் வகுக்கிறது. பள்ளி செல்லாது வீட்டுத் தறியிற் கற்றவரின் திறனைச் சோதித்துச் சான்றளிக்கவும் அதில் இடமுண்டு.

மேற்சொன்ன சங்கத்தில் மறு ஆண்டுப் பரீட்சை தறியிலேயே நடந்தது. அம்மையார் முதல் தரம் பெற்றார். இளைஞரும் தம் குறை இன்னதென்று அறிந்து திருத்திக்கொண்டார். அம்மையார் ஓராண்டு இழந்த கூலி மட்டும் திரும்பவில்லை. ஆதலால், உங்கள் சங்கத்தில் தரம் பிரிக்குமுன் இழை எண்ணும் கண்ணாடி ஒன்று வாங்கி வையுங்கள்.