ரோசியின் எட்டுக் கிழமை

இரவு இரண்டு மணிக்கு அந்தச் சத்தம் தொடங்கும். எங்கள் நாய் ரோசி தன் முன்னங்காலை விடாமல் நக்குவாள். மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதி அடுக்குமாடிச் சுவர்கள் மெல்லியவை, அடுத்த அறையில் படுத்திருக்கும் அம்மாவுக்கும் அது கேட்கும். விடிந்து பார்த்தால் விரலிடுக்கில் இருந்த வெள்ளை மயிர் எச்சில் ஊறிச் செம்பழுப்பாகியிருக்கும்.

முதல் குளிர்காலத்தில் உப்பைத்தான் குற்றம் சொன்னோம். மொன்றியலில் பனி தொடங்கினால் நடைபாதை முழுக்க உப்புத்தான், அது நாயின் பாதத்தை எரிக்கும். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் கழுவித் துடைத்தேன். ஏப்ரலில் உப்புப் போனது, நக்கல் போகவில்லை. ஓகஸ்டில் காது நாறத் தொடங்கியது, வயிறு சிவந்தது. ரோசிக்கு அப்போது இரண்டு வயது. இந்தத் தோல் ஒவ்வாமை நோய் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில்தான் தலைகாட்டும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

அவசரத்தில் நான் செய்த பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். மயிரும் எச்சிலும் தபாலில் அனுப்பினால் எல்லா ஒவ்வாமையையும் கண்டுபிடித்துத் தருவதாக ஒரு விளம்பரம் பார்த்துக் காசு கட்டினேன். நீண்ட பட்டியல் வந்தது. ரோசி வாழ்நாளில் வாயில் வைத்திராத பொருட்களும் அதில் இருந்தன. பட்டியலைப் பார்த்துப் பார்த்துச் சாப்பாட்டை மாற்றியதில் நாய் மெலிந்ததே தவிரச் சொறி குறையவில்லை. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படியான சோதனை ஒன்றுக்கு உண்மை நாய்களின் மாதிரிகளோடு செயற்கை மயிரையும் வெறும் உப்புநீரையும் சேர்த்து அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். உயிரில்லாத மயிருக்கும் ஒவ்வாமை இருப்பதாக முடிவு வந்தது. அந்த ஆய்வை முதலே அறிந்திருந்தால் ரோசி மூன்று மாதம் வீணாக வருந்தியிருக்க மாட்டாள்.

மிருக வைத்தியர் சொன்ன முதல் விஷயம் என்னை உலுக்கியது. ஒரு நாய்க்கு அலர்ஜி இருக்கிறதா இல்லையா என்று இரத்தப் பரிசோதனையால் தீர்மானிக்க முடியாது. சொறியே இல்லாத நாயின் இரத்தத்திலும் தூசிப்பூச்சிக்கு எதிரான ஐஜிஈ என்ற எதிர்ப்பொருள் இருக்கலாம். ஆகவே மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். தெள்ளு இருக்கிறதா என்று சீப்பால் வாரிப் பார்த்தார். சொறிப்பூச்சிக்காகத் தோலைச் சுரண்டி நுண்நோக்கியில் வைத்தார். காதில் ஈஸ்ட் பெருகியிருந்தது, அதற்கு மருந்து தந்தார். வேப்பெண்ணெய் பூசலாமா என்று அம்மா கேட்கச் சொன்னதைக் கேட்டேன். பூசுவதையெல்லாம் நாய் நக்கி விழுங்கிவிடும், வேண்டாம் என்றார்.

அடுத்தது உணவுச் சோதனை. சாப்பாட்டு ஒவ்வாமையைக் கண்டறிய நம்பத் தகுந்த வழி இது ஒன்றுதான். புரதத்தை மிகச் சிறு துண்டுகளாக உடைத்துத் தயாரித்த உணவை வைத்தியர் எழுதித் தருவார். எட்டுக் கிழமைக்கு அதுவும் தண்ணீரும் மட்டுமே. சாப்பாட்டு ஒவ்வாமை உள்ள நாய்களில் பத்தில் எட்டுக்கு ஐந்தாம் கிழமைக்குள்ளும், பத்தில் ஒன்பதுக்கு மேல் எட்டாம் கிழமைக்குள்ளும் குணம் தெரிந்துவிடும்.

சொல்ல எளிது. எங்கள் வீட்டில் நாய்க்குக் கொடுப்பது அன்பு.

“ஊரில எங்கட நாயள் எல்லாம் சோறும் மீன்தலையும் திண்டுதானே வளந்ததுகள். இவளுக்கு மட்டும் என்ன பிள்ளை?” என்றார் அம்மா.

“எட்டுக் கிழமை மட்டும் அம்மா. பிறகு நீங்களே குடுங்கோ.”

மூன்றாம் கிழமை ரோசியின் கால் மறுபடி சிவந்தது. விசாரித்தால், அம்மா தேத்தண்ணியில் தோய்த்த மாரி பிஸ்கற்றில் பாதியைத் தினமும் கட்டிலுக்குக் கீழே நீட்டியிருக்கிறார். மாவும் பாலும். முதலாம் நாளிலிருந்து திரும்பத் தொடங்கினோம். அம்மாவோடு கோபிக்கவில்லை. அவருடைய கையால் கொடுக்கவென்று அந்த மருந்து உணவிலேயே ஒரு பிடியைத் தனிக் கிண்ணத்தில் போட்டு வைத்தேன். அதன் பிறகு பிழை நடக்கவில்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதை முதல் நாளே செய்யுங்கள்.

கீழ்வீட்டில் ஒரு கிரேக்கப் பாட்டி இருக்கிறார், நாங்கள் வருவதற்கு முன்பே இந்தத் தெருவில் குடியிருந்தவர். அவர் தரும் ஃபெட்டா சீஸுக்காக ரோசி படியில் காத்திருப்பாள். மகள் பிரெஞ்சில் ஒரு தாள் எழுதி அவருடைய கதவில் ஒட்டினாள். இதயப்புழுவுக்கு ஜூனிலிருந்து மாதாமாதம் கொடுக்கும் குளிசையிலும் மாட்டிறைச்சிச் சுவை இருக்கக்கூடும். வைத்தியர் அதை நிறுத்திக் கழுத்தில் விடும் மருந்தாக மாற்றித் தந்தார். மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை, இவைதான் நாய்களுக்கு அதிகம் ஒத்துவராதவை. நான்கும் நம் சமையலறையில் நாளாந்தம் புழங்குபவை.

எட்டாம் கிழமை சொறி பாதிக்கு மேல் குறைந்திருந்தது. பலர் இத்துடன் நிறுத்திவிடுவார்கள், நிறுத்தக் கூடாது. பழைய சாப்பாட்டை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்த்தால்தான் எது காரணம் என்று உறுதியாகும். மாட்டிறைச்சி இரண்டு கிழமை கொடுத்தோம், ஒன்றும் இல்லை. கோழி கொடுத்த ஐந்தாம் நாள் காதைப் பிராண்டத் தொடங்கினாள். கோழி நிரந்தரமாகப் போனது.

மீதிச் சொறி காற்றிலும் தூசியிலும் இருந்து வருவது. அதற்குத்தான் தோல் நிபுணரிடம் போனோம். தோல்பரிசோதனைக்கு இரண்டு கிழமை முன்பே ஸ்டீராய்ட் குளிசையையும் அலர்ஜிக் குளிசையையும் நிறுத்தச் சொல்வார்கள். இல்லாவிட்டால் ஒவ்வாமை இருந்தாலும் தோல் காட்டாது. ரோசியை மயக்கி, ஒரு பக்க விலாவை மழித்து, வரிசை வரிசையாகச் சிறு ஊசி போட்டார்கள். ஒன்றில் வெறும் உப்புநீர், ஒன்றில் ஹிஸ்டமின், இரண்டும் ஒப்பிடுவதற்கு. இருபது நிமிடத்துக்குள் தடித்த இடங்களை அளந்தார்கள். வீட்டுத் தூசிப்பூச்சியும் ராக்வீட் மகரந்தமும் பெரிதாகத் தடித்திருந்தன.

ராக்வீட்டை இங்கே பிரெஞ்சில் ‘எர்ப் ஆ பூ’ என்பார்கள். ஓகஸ்டில் பூத்து முதல் உறைபனி வரை மகரந்தம் கொட்டும். எங்கள் பகுதியின் தெற்கே ஓடும் தண்டவாளக் கரை போன்ற கல்லும் புழுதியும் உள்ள நிலம்தான் அதற்குப் பிடித்த இடம். நாங்கள் தினமும் அந்தப் பக்கம்தான் நடந்தோம். இப்போது அந்த மாதங்களில் ஜாரி பூங்காவின் வெட்டிய புல்லில் நடக்கிறோம், வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் காலையும் வயிற்றையும் துடைக்கிறேன். அவள் படுக்கை விரிப்பைக் கிழமைக்கு ஒருமுறை சுடுதண்ணீரில் தோய்க்கிறேன்.

பரிசோதனையின் உண்மையான பயன் அதன் பிறகுதான். எது ஒத்துவரவில்லையோ அதையே மிகச் சிறு அளவில் சேர்த்து ரோசிக்கென்றே ஊசிமருந்து செய்வார்கள். அது பலன் தருகிறதா என்று சொல்ல ஒரு வருடம் வரை பொறுக்க வேண்டும், எல்லா நாய்க்கும் பலன் தருவதும் இல்லை. அந்த ஊசியைப் போடும் எண்ணம் இல்லாவிட்டால், இந்தப் பரிசோதனைக்குச் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. சொறியைக் கட்டுப்படுத்த வேறு நல்ல மருந்துகள் இருக்கின்றன. ரோசிக்கு ஒன்பதாம் மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது.

உங்கள் நாயும் இரவில் கால் நக்கினால், எந்தச் சோதனைக்கும் காசு கட்டுமுன் ஒரு கொப்பி வாங்குங்கள். என்ன திகதி, எந்த இடத்தில் சொறிந்தது, அன்று யார் என்ன கொடுத்தார்கள் என்று மூன்று மாதம் எழுதுங்கள். வைத்தியரிடம் போகும்போது அதைக் கையோடு கொண்டுபோங்கள்.