லெஃப்ட் ஹாஃபுக்குப் போனவனுக்கு

தூத்துக்குடி,
ஞாயிறு இரவு

அன்பு மருமகனுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதை உன் அம்மாவிடம் சொல்லவில்லை. கோச்சை மாற்றிவிட்டார்கள், புதிதாக வந்தவர் முதல் வாரமே உன்னை ஃபார்வர்டிலிருந்து லெஃப்ட் ஹாஃபுக்கு இறக்கிவிட்டார், பையன்கள் சேர்ந்து கல்லூரி முதல்வரிடம் மனு கொடுக்கப்போகிறார்கள், நானும் கையெழுத்துப் போடட்டுமா மாமா என்று கேட்டாய். எனக்குச் சட்டென்று பதில் வராது. அதனால் எழுதுகிறேன்.

பழைய கோச் மேல் உனக்குள்ள பாசம் தெரியாதவன் இல்லை. கோவில்பட்டியில் ஹாக்கி கோச் என்றால் பாதி வாத்தியார், பாதி தகப்பன். அப்படிப்பட்டவர் போன இடத்தில் வேறொருவர் விசிலோடு நிற்பதைப் பார்த்தால் எரிச்சல் வரத்தான் செய்யும்.

நான் துறைமுகத்தில் டக் படகில் முப்பது வருஷம் கழித்தவன். வெளியே நங்கூரம் போட்டுக் கிடக்கிற கப்பலைத் துறைமுகத்துக்குள் கொண்டுவர நம் பைலட் படகில் போய், கயிற்று ஏணி பிடித்து ஏறுவார். வாரக்கணக்கில் கடலில் ஓட்டி வந்த கேப்டன் அவரை அன்றைக்குத்தான் பார்க்கிறார். 'என் கப்பலைப் பற்றி உனக்கு என்ன தெரியும்' என்று கேட்க மாட்டார். கப்பல் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது, சொன்னதை என்ஜின் எத்தனை வேகத்தில் கேட்கும், பின்னால் எடுத்தால் எந்தப் பக்கம் இழுக்கும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். பைலட்டுக்கு நம் வாய்க்கால் தெரியும், கேப்டனுக்குத் தன் கப்பல் தெரியும். பைலட் ஏறிய பிறகும் கப்பலுக்குப் பொறுப்பு கேப்டன்தான். இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நின்றால் கப்பல் அலைத்தடுப்புச் சுவரில் போய்த்தான் நிற்கும்.

நீ புது கோச்சிடம் இதுவரை ஏதாவது சொன்னாயா? உனக்கு வலது முழங்காலில் பழைய அடி இருப்பது, ரிவர்ஸில் பந்து வாங்கத் தடுமாறுவது, கடைசிப் பத்து நிமிஷத்தில் மூச்சு வாங்குவது, இதெல்லாம் அவருக்கு யார் சொல்வார்கள்? பழையவருக்கு நாலு வருஷம் பார்த்துப் பார்த்துத் தெரிந்தது. இவருக்கு நாலு வாரம்கூட ஆகவில்லை.

லெஃப்ட் ஹாஃப் என்றால் தண்டனை என்று நினைக்கிறாய். இந்திய டீமையே எடுத்துக்கொள். 2023 ஜனவரியில் உலகக் கோப்பையில் நாம் சறுக்கியதும் கோச் கிரஹாம் ரீட் விலகினார். டோக்கியோவில் 41 வருஷத்துக்குப் பிறகு ஒலிம்பிக் மெடல் வாங்கித் தந்தவர் அவர். அடுத்து வந்த கிரேக் ஃபுல்டனுக்கு முதலில் தடுத்து ஆடு, பிறகு ஜெயி என்பதுதான் பாடம். அந்த ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் டிராஃபியில் மன்பிரீத் சிங்கை டிஃபென்ஸில் நிறுத்திப் பார்த்தார். யார் மன்பிரீத்? டோக்கியோவில் கேப்டன். அதே போட்டியில்தான் உங்கள் ஊர் ஹாஸ்டலில் வளர்ந்த கார்த்தி செல்வம் மலேசியாவுக்கு எதிராக முதல் கோல் அடித்தான். ஃபைனலில் பாதி நேரத்தில் 1-3 என்று பின்தங்கி, 4-3 என்று முடித்தோம். அடுத்த வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டனோடு காலிறுதி. நம் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போக, நாற்பது நிமிஷத்துக்கு மேல் பத்துப் பேர் நின்று தடுத்தார்களே, நீயும் நானும் சேர்ந்துதானே பார்த்தோம். அன்றைக்கு நீ ஒரு கோலைப் பற்றியாவது பேசினாயா?

மாற்றம் எல்லாமே நியாயமாக நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. 1998-ல் பாங்காக்கில் 32 வருஷத்துக்குப் பிறகு ஆசிய விளையாட்டு ஹாக்கியில் நம் ஆட்கள் தங்கம் வாங்கினார்கள். கொஞ்ச நாளிலேயே கோச் எம்.கே. கௌசிக்கைத் தூக்கினார்கள், கேப்டன் தன்ராஜ் பிள்ளையையும் வேறு சில சீனியர்களையும் வெளியே வைத்தார்கள். எனக்கு இன்றைக்கும் அது வயிற்றெரிச்சல்தான். தன்ராஜ் திரும்பி வந்து சிட்னியிலும் ஏதென்ஸிலும் ஆடினான். ஏதென்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில் மறுபடியும் கோச்சை மாற்றினார்கள்!

என் கதை ஒன்று. இருபத்திரண்டு வயதில் ஒரு டீமில் ஆடினேன், எந்த டீம் என்று கேட்காதே. எங்கள் கோச்சை அனுப்பிவிட்டார்கள் என்று மூன்று வாரம் மைதானத்துப் பக்கமே போகவில்லை. புதிதாக வந்தவர் வெறுத்துப்போய்ப் போய்விட்டார். பழையவரும் திரும்பி வரவில்லை. அடுத்த சீசனில் டீமே இல்லை. என் ஸ்டிக்கைப் பக்கத்து வீட்டுப் பையன் கிரிக்கெட் ஆட வாங்கிக்கொண்டு போனான்.

உன் தாத்தா 1961-ல் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தபோது இறங்கியவர். மேலே தோணியில் கயிறு பிடிக்கிறது மச்சான்காரன்தான் என்பார். தன் கூடப்பிறந்தவள் தாலிக்காகவாவது இழுத்துவிடுவான் என்று ஒரு நம்பிக்கை. புது கோச் உனக்கு மச்சான் இல்லை, அவர் கையில் கயிறு கொடுக்கக் கொஞ்ச நாள் பிடிக்கும். அந்த நாளைத்தான் கேட்கிறேன், ஒரே ஒரு சீசன். அதற்குள் அவர் ஜாதி பார்த்து ஆள் எடுத்தாலோ, காசு கேட்டாலோ, யார் மேலாவது கை வைத்தாலோ எனக்கு போன் போடு. மனுவை நானே எழுதித் தருகிறேன். இடம் மாற்றி ஆடச் சொன்னதற்கு மட்டும் கையெழுத்துப் போடாதே. மற்ற பையன்கள் 'நீ அந்தப் பக்கமா' என்று கேட்பார்கள். இரண்டு வாரம் கேட்பார்கள்.

பழைய கோச் வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வா. வெறும் கையோடு போகாதே. மனுவைப் பற்றி அங்கே வாயே திறக்காதே, அவருக்குச் சங்கடம். லெஃப்ட் ஹாஃபில் நின்றால் எதிராளியின் ரைட் அவுட்டை எப்படி ஓரத்துக்கு ஒதுக்குவது என்று மட்டும் கேள். சந்தோஷமாகச் சொல்லித்தருவார்.

ஹாஃபுக்குக் காலில் அடி அதிகம் படும். உன் பழைய ஷின்கார்டு கிழிந்து தொங்குகிறது என்று அம்மா சொன்னாள். பணம் அனுப்பியிருக்கிறேன், நல்லதாகப் பார்த்து வாங்கு.

இப்படிக்கு,
மாமா