கூரையில் அமெரிசியம், பேஸ்மென்ட்டில் ரேடான்

நியூஜெர்சியின் பார்சிப்பனியில் பழைய வீடு வாங்கிக் குடியேறுபவர்கள் ஸ்மோக் டிடெக்டரைக் கழற்றித் திருப்பிப் பார்த்துத் திடுக்கிடுவது உண்டு. சில வகைகளின் பின்புறம் ‘அமெரிசியம் 241, கதிரியக்கப் பொருள்’ என்று அச்சிட்டிருக்கும். அன்றிரவே அந்தப் படம் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். “குழந்தை தூங்குற ரூம்ல இதை வைக்கலாமா? இயற்கையா கிடைக்கிறதுன்னாக்கூட பரவாயில்ல, இது லேப்ல செஞ்சதாச்சே!”

வைக்கலாம். வைக்கத்தான் வேண்டும்.

லேபில் செய்தது என்பது உண்மைதான். 1944-இல் சிகாகோவில் கிளென் சீபோர்க் குழுவினர் உருவாக்கிய 95-ஆம் தனிமம் இது. போர்க்கால ரகசியமாக இருந்தது. 1945 நவம்பரில் வானொலியில் சிறுவர்களுக்கான ‘க்விஸ் கிட்ஸ்’ நிகழ்ச்சிக்குச் சீபோர்க் போயிருந்தார். புதிய தனிமம் ஏதாவது கண்டுபிடித்தீர்களா என்று ஒரு சிறுவன் கேட்க, 95, 96 இரண்டையும் அங்கேயே சொல்லிவிட்டார். விஞ்ஞானிகள் கூட்டத்தில் முறையாக அறிவிக்க இன்னும் சில நாட்கள் இருந்தன.

டிடெக்டருக்குள் இருப்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அமெரிசியம். அதிலிருந்து நொடிக்குச் சுமார் 37,000 ஆல்ஃபா துகள்கள் கிளம்புகின்றன. எண்ணைக் கேட்டால் வயிற்றைக் கலக்கும். ஆனால் ஆல்ஃபா துகள் சில சென்டிமீட்டர் காற்றைத் தாண்டாது, ஒரு தாளே அதைத் தடுத்துவிடும். இரண்டு தகடுகளுக்கு நடுவிலுள்ள காற்றை அது அயனியாக்குவதால் மிகச் சிறிய மின்னோட்டம் ஓடுகிறது. புகை நுழைந்தால் மின்னோட்டம் குறையும், அலாரம் அலறும். இப்படி இரண்டு கருவிகள் உள்ள வீட்டில் இருப்பவருக்கு ஆண்டுக்கு 0.002 மில்லிரெம்முக்கும் குறைவான கதிர்வீச்சே சேரும் என்பது அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் கணக்கு. அமெரிக்காவில் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாகப் பெறுவது சுமார் 620. கருவியை உடைத்து உள்ளே இருப்பதை நோண்டாதவரை கவலையில்லை.

“பத்து வருஷத்தில் அமெரிசியம் தீர்ந்துவிடும், அதனால்தான் மாற்றச் சொல்கிறார்கள்” என்பது இன்னொரு நம்பிக்கை. அதன் அரை ஆயுள் 432 ஆண்டுகள்; பத்தாண்டில் குறைவது இரண்டு சதவீதம்கூட இல்லை. தேய்வது எலெக்ட்ரானிக்ஸும் கருவிக்குள் தூசி படியும் சிற்றறையும்தான்.

உண்மையான ஆபத்து நம் சமையலறையில் தொடங்குகிறது. இந்த வகைக் கருவி மிக நுண்ணிய துகள்களையும் பிடிப்பதால் காய்ந்த மிளகாய் தாளித்தாலே கத்தும். நாம் துண்டை வீசுவோம், பிறகு பேட்டரியைக் கழற்றுவோம், திரும்பப் போட மறந்துபோவோம். அமெரிசியத்துக்குப் பயப்படுவதைவிட இதற்குப் பயப்படலாம். ஒளியால் இயங்கும் வகையை அடுப்படிக்குச் சற்றுத் தள்ளி மாட்டினால் தொல்லை குறையும். அதில் கதிரியக்கப் பொருளே இல்லை.

ஐம்பதைத் தொட்டவர்களின் கவலை, கதிரியக்க ஊசி போட்டு இதயத்தைப் பார்க்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட். “ஊசி போட்டாங்க, ஒரு மாசம் பேரப்பிள்ளையைத் தூக்கக் கூடாதாம்.” பெரும்பாலும் அந்த ஊசியில் இருப்பது டெக்னீசியம் 99எம். 1937-இல் இத்தாலியின் பலெர்மோவில் செக்ரேயும் பெரியரும் கண்டுபிடித்த, மனிதன் முதன்முதலில் செயற்கையாக உண்டாக்கிய தனிமம் அது. ஊசியில் இருக்கும் 99எம் வகையின் அரை ஆயுள் ஆறு மணி நேரம். ஒரு நாள் போனால் மிஞ்சுவது பதினாறில் ஒரு பங்கு. சிறுநீரில் வெளியேறுவது தனி. தாய்ப்பால் கொடுப்பவர்கள் மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஓரிரு நாளில் விமானம் ஏறுகிறவர்கள் மருத்துவமனையில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்வது நல்லது, எல்லைச் சோதனைக் கருவிகள் அந்த மிச்சத்தைக்கூடக் கண்டுபிடித்துவிடும்.

செயற்கைத் தனிமம் இயற்கையில் இருக்கவே முடியாது என்பதும் சரியல்ல. 1952-இல் பால் மெரில் விண்மீன்களின் ஒளியில் டெக்னீசியத்தைக் கண்டார். ஆப்பிரிக்காவின் காபோனில், ஓக்லோ என்ற இடத்தில், சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் யுரேனியப் படிவு தானாகவே அணு உலையாக எரிந்து புளூட்டோனியத்தை உண்டாக்கியிருக்கிறது. வெடிகுண்டுக்கு மட்டும்தான் செயற்கைத் தனிமங்கள் உதவும் என்பவர்கள் நிலவைப் பார்க்கலாம். விழுப்புரம் வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்து 2023 ஆகஸ்டில் இறக்கிய சந்திரயான் 3-இன் ரோவர், மண்ணின் தனிமங்களை அறியக் கையாண்டது கியூரியம் 244. வானொலியில் சிறுவனிடம் சீபோர்க் சொன்ன அந்த 96-தான்.

இப்போது கீழ்த்தளத்துக்கு வருவோம். இயற்கையானதென்றால் பரவாயில்லை என்பவர்கள் அவசியம் இறங்கிப் பார்க்க வேண்டிய இடம் அது. பென்சில்வேனியாவிலிருந்து வடக்கு நியூஜெர்சி வழியாக நீளும் ரெடிங் ப்ராங் பாறைத் தொடரில் யுரேனியம் இருக்கிறது; பார்சிப்பனி உள்ள நம் மாரிஸ் கவுண்டியும் அந்தப் பாதையில்தான் வருகிறது. யுரேனியம் சிதைந்து ரேடியமாகி, ரேடியம் ரேடான் வாயுவாகி, தரை விரிசல் வழியே வீட்டுக்குள் ஏறும். நிறமில்லை, மணமில்லை.

1984 டிசம்பரில் பென்சில்வேனியாவின் லிமெரிக் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த ஸ்டான்லி வாட்ராஸ் கதிர்வீச்சு அலாரத்தை ஒலிக்கச் செய்தார். நிலையத்திலிருந்து வெளியே போகும்போது அல்ல, வீட்டிலிருந்து உள்ளே வரும்போது! அவர் வீட்டில் ரேடான் லிட்டருக்குச் சுமார் 2,700 பிகோகியூரி. நான்கைத் தொட்டாலே சரிசெய்யச் சொல்கிறது சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை.

ரேடானும் அதன் வாரிசுகளும் வெளிவிடுவதிலும் அதே ஆல்ஃபா துகள்தான் முக்கியம். டிடெக்டரில் அதைத் தடுக்கக் காற்றும் பிளாஸ்டிக்கும் இருந்தன; நுரையீரலுக்குள் செல்லுக்கும் அதற்கும் நடுவே எதுவுமில்லை. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 21,000 நுரையீரல் புற்றுநோய் மரணங்களுக்கு ரேடான் காரணம் என்று அதே முகமை மதிப்பிடுகிறது. ஊரிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கும் அப்பா அம்மாவுக்கு நாம் படுக்கை போடுவது பெரும்பாலும் பேஸ்மென்ட்டில். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் மேசையும் அங்கேதான்.

புது வீடு, அதனால் இருக்காது என்பதும் பக்கத்து வீட்டில் இல்லை, அதனால் நமக்கும் இல்லை என்பதும் செல்லாது. அடுத்தடுத்த வீடுகளிலேயே அளவு பெரிதும் மாறும். வீடு வாங்கும்போது இன்ஸ்பெக்ஷனில் சோதிக்காதவர்கள் ஹார்டுவேர் கடையில் சோதனைப் பெட்டி வாங்கலாம். 12 மணி நேரத்துக்கு முன்பே ஜன்னல்களை மூடிவிட்டு, ஆள் புழங்கும் கீழ்த்தளத்தில் குறைந்தது 48 மணி நேரம் வைத்து, லேபுக்கு அனுப்ப வேண்டும். நான்கோ அதற்கு மேலோ வந்தால் தரைக்கு அடியிலிருந்து காற்றை உறிஞ்சிக் கூரைக்கு மேல் விடும் குழாயும் விசிறியும் பொருத்துவார்கள். பொருத்திய பின் இன்னொரு முறை சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.