ஈர நிலமும் புதர்க்காடும்: கட்டட வேலைக்கு முன் செய்யத்தக்க ஆய்வு

ஒரு நிலத்தில் கட்டடங்களும் சாலைகளும் அமைக்கப்படுவதற்கு முன்னர், அங்குள்ள நீர்நிலைகளையும் தாவரங்களையும் ஆராய்ந்து பதிவு செய்தல் இன்றியமையாததாகும். வேலை தொடங்கிய பின்னர்ச் செய்யப்படும் ஆய்வு, இழந்தவற்றின் பட்டியலாகவே முடியும். ஹைதராபாத் நகரின் மேற்குப் பகுதியிலுள்ள காஞ்சா கச்சிபவுலி இதற்குத் தக்க சான்றாகும்.

1974-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஹைதராபாத் பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள இப்பிரதேசத்தில், சுமார் 400 ஏக்கர் (ஏறக்குறைய 162 ஹெக்டேர்) நிலத்தை வளர்ச்சிப் பணிகளுக்கு ஏலம் விடத் தெலங்கானா அரசாங்கம் கருதியது. 2025 மார்ச் இறுதியில் மரங்களும் புதர்களும் இயந்திரங்களால் அகற்றப்பட்டன. ஏப்ரல் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வேலையை நிறுத்துமாறு ஆணையிட்டது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யப்பட்டதா என்றும் வினவியது. அதற்குள் சுமார் 100 ஏக்கர் அழிக்கப்பட்டிருந்தது. நிலம் தனக்கே உரியது, அது காடு அன்று என்பது அரசாங்கத்தின் வாதம். எனினும், நிலம் எவருக்கு உரியது என்பது வேறு, அதில் என்ன வாழ்கின்றது என்பது வேறு. காடு என்ற சொல்லை, உடைமை எவருடையதாயினும், அகராதிப் பொருளிலேயே கொள்ளவேண்டும் என 1996 டிசம்பர் 12-ஆம் தேதியே அந்நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

இங்குள்ள நிலம் தக்காணத்துக் கருங்கற்பாறைகளால் ஆனது. பாறை மேல் விழும் மழைநீர் வழிந்து பள்ளங்களிலும் ஏரிகளிலும் தங்குகின்றது. பெரும்பான்மையான மழை ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்வதால், சிறு குட்டைகள் கோடையில் வறண்டு வெறுந்தரையாகத் தோன்றும். ஆயினும் அவற்றின் மண்ணில் விதைகள் உறங்குகின்றன; தவளைகள் புதைந்து மழைக்காகக் காத்திருக்கின்றன. 1971-ஆம் ஆண்டின் ராம்சார் உடன்படிக்கை, நிரந்தரமானவற்றோடு தற்காலிகமானவற்றையும் ஈர நிலம் என்றே வகுத்துள்ளது. ஆகவே, கோடையில் மட்டும் பார்வையிட்டு நீரில்லை என்று எழுதுதல் பிழையாகும்.

தாவரங்களைப் பற்றியும் இத்தகைய பிழை நேர்வதுண்டு. பருத்த மரங்களை மட்டும் எண்ணுவோர் புதர்க்காட்டைத் தரிசு எனக் கருதுவர். ஆனால் இப்பகுதியில் புள்ளிமான், மயில், நட்சத்திர ஆமை ஆகியவை வாழ்கின்றன. பல்கலைக்கழக வளாகத்தில் கண்டறியப்பெற்ற சிலந்தி இனம் ஒன்று, 'முர்ரிசியா ஹைதராபாதென்சிஸ்' என இந்நகரின் பெயரையே பெற்றுள்ளது.

களப்பணியாளர் கவனிக்க வேண்டியவை வருமாறு:

1. மழைக்காலத்திலும் கோடையிலும் தனித்தனியே ஆய்வு நடத்துக.
2. நீர் எங்கிருந்து வருகின்றது, எங்கே செல்கின்றது என்பதை எல்லைக்கு வெளியேயும் தொடர்ந்து சென்று வரைபடத்தில் குறிக்க.
3. மரங்களுக்கு 10 மீட்டர், புதர்களுக்கு 5 மீட்டர், பூண்டுகளுக்கு 1 மீட்டர் பக்கமுள்ள சதுரங்களைப் பல இடங்களில் அமைத்து, இனங்களையும் எண்ணிக்கையையும் பதிவு செய்க.
4. பிராணிகளை நேரில் காணாவிடினும் அவற்றின் அடிச்சுவடு, எச்சம், கூடு ஆகியவற்றைக் குறித்துக்கொள்க.

ஆசிரியர்கள் பள்ளிக்கு அருகே ஒரு சதுர மீட்டர் தரிசு நிலத்தைக் கயிற்றால் வளைத்து, அங்குள்ள செடிகளைக் கோடையில் ஒருமுறையும், மழைக்குப் பின் ஒருமுறையும் மாணவரைக் கொண்டு எண்ணச் செய்யலாம். இரு கணக்குகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் மாணவர், தரிசு என்ற சொல்லை எளிதில் எழுதார்.